ஷூவுக்குள் ஒரு சென்ட் பாட்டில்

தபால் ஆபீஸ் கவுண்டரில் செருப்புக்கடைக்காரர் கத்திக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்கள் தங்கள் வேலையை மறந்து வாயைப் பிளந்து நின்றார்கள். வேடிக்கை பார்க்க நம் ஆட்களுக்குச் சொல்லியா தரவேண்டும்?

அவர் கையில் ஒரு ஜோடி சின்ன ஷூ. இடது ஷூவின் அடிப்பாகம் மட்டும் மூன்று விரல் கனம். வெளிநாட்டில் இருக்கும் மகள் வயிற்றுப் பேத்திக்கு இடது கால் குட்டை. அங்கே வாங்கிய ஷூ கடித்துப் புண்ணாக்கியது. பள்ளிக்கூடம் திறக்கும்போது மற்ற பிள்ளைகளோடு சரிசமமாக நடக்கணும் என்று குழந்தை போனில் கேட்டதால், தக்கையை இழைத்து இழைத்துத் தானே செய்து அனுப்பினார். அது விமானம் ஏறாமலே திரும்பி வந்துவிட்டது. அந்தக் கனமான அடிப்பாகத்தை யாரோ கத்தியால் பிளந்து பார்த்திருந்தார்கள்.

“பச்சைப் பிள்ளை போடுற ஷூவை அறுத்து வச்சிருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் மனசு இருக்கா?”

கவுண்டரில் இருந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை. “உள்ள என்ன இருக்கு, நீங்களே கட்டினீங்களான்னு அன்னிக்கே கேட்டேன் ஐயா. ‘என்னைப் பாத்தா கடத்தல்காரன் மாதிரி இருக்கா’ன்னு எரிஞ்சு விழுந்தீங்க. வலது ஷூவுக்குள்ள சென்ட் பாட்டில் இருந்துச்சே, அது எப்படி வந்துச்சு?”

“சென்ட்டா? இந்த வாடை அதானா?”

“தீப்பிடிக்கிற சாமான். விமானத்துல போகக் கூடாது. அது உடைஞ்சு கொட்டி, அதே மூட்டையில இருந்த வேற யாரோடதோ மருந்தெல்லாம் பாழ். ஒண்ணை மறைச்சவங்க இன்னொண்ணும் மறைச்சிருப்பாங்கன்னுதான் அடிப்பாகத்தையும் அறுத்திருக்காங்க.”

அவர் ஷூவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அவர் தெருவில் ஒரு வழக்கம். யார் வீட்டிலாவது வெளிநாட்டுக்குப் பார்சல் கட்டினால் போதும், மோப்பம் பிடித்து நாலு பேர் வந்து “இதையும் ஓரமா வச்சிடுங்க” என்பார்கள். முடியாது என்றால் பகை. உள்ளே என்ன என்று கேட்டால் அதைவிடப் பெரிய பகை.

வீட்டுக்காரியைக் கேட்டார். “எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் அங்க இருக்கிற தன் மச்சானுக்குன்னு குடுத்தாருங்க. கண்ணாடியாச்சே, உடையக் கூடாதுன்னு நான்தான் ஷூவுக்குள்ள திணிச்சேன்.”

“நல்லா திணிச்ச போ!”

ராத்திரி பகல் பார்க்காமல் வேறு தக்கை வைத்துத் தைத்தார். பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இஸ்திரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். “தபால் ஆபீஸே வேணாண்ணே. மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு ஏஜென்ட் இருக்கான். லைசென்ஸ் கிடையாது. ஆனா கேள்வியும் கிடையாது.”

போனார். பாதி இறக்கிய ஷட்டருக்குள் கூரை வரை மூட்டைகள். ஏஜென்ட் பார்சலை வாங்கி ஒரு சாக்கில் சொருகினான்.

“உள்ள என்னன்னு கேக்கலையே தம்பி?”

“எதுக்குங்க? நம்பிக்கைதான் நம்ம தொழில்.”

நம்பிக்கை என்ற வார்த்தையை அடிக்கடி சொல்பவனை நம்பக்கூடாது. அந்த மட்டில் செருப்புக்கடைக்காரர் தெளிவு.

“இதுக்கு அடியில இருக்கிற டப்பால என்ன?”

“யாருக்குங்க தெரியும்?”

“வழியில காணாமப் போனா யாரைக் கேக்குறது?”

“எனக்குப் போன் அடிங்க. எடுத்தா பேசுவோம்.”

அந்த டப்பாவின் மூலையில் ஏதோ கசிந்து சாக்கை நனைத்திருந்தது. முகம் தெரியாத ஒருவரின் மருந்து அவர் நினைவுக்கு வந்தது. பார்சலை வெடுக்கென்று உருவிக்கொண்டு வெளியே வந்தார்.

நேரே தபால் ஆபீஸ். அந்த அம்மாள் வாயைத் திறக்குமுன் இவரே பிரித்துக் காட்டினார். “நானே கட்டினது. குழந்தைக்குக் கால் குட்டை, அதான் ஒண்ணு ஒசரம். உள்ள வெறும் தக்கை. கையை விட்டுப் பாத்துக்கோம்மா.”

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சொன்னதை அப்படியே மேல எழுதுங்க. டாக்டர் சீட்டு நகலும் வைங்க.”

“இனி கத்தி எடுக்க மாட்டாங்களே?”

“சத்தியம் பண்ண முடியாது ஐயா. ஆனா ஏதாவது ஆச்சுன்னா நீங்க சட்டையைப் பிடிச்சுக் கேக்க நான் இங்கதான் இருப்பேன்.”

“அந்த மருந்துக்காரங்க?”

“திரும்ப வாங்கி அனுப்பியிருக்காங்க. போய்ச் சேர்ந்துடும்.”

பள்ளிக்கூடம் திறந்த அன்று போனில் பேத்தி நடந்து காட்டினாள். பிறகு ஓடியே காட்டினாள். செருப்புக்கடைக்காரர் கண்ணைத் துடைக்கும் நேரம் பார்த்து இஸ்திரிக்காரர் ஒரு துணிமூட்டையோடு வந்தார். “அடுத்த பார்சல்ல இதையும்...”

“உள்ள என்னடா?”

“என்னண்ணே, என்கிட்டயேவா? சந்தேகமா?”

“ஆமா, சந்தேகந்தான். என்னைக் கேள்வி கேக்காதவன், என் மூட்டை மேல மூட்டை வைக்கிறவனையும் கேக்க மாட்டான். அந்தம்மா கேட்டது என்னைத் திருடனாக்க இல்லடா, எவன் பிள்ளைக்கோ போற மருந்தைக் காப்பாத்த. நாம மறைக்கிறது நம்ம பார்சலோட நிக்காது. அவிழு.”

இஸ்திரிக்காரர் முனகிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தார். கத்திபோல் மடித்த மூன்று சட்டைகள். செருப்புக்கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து உதறினார்.

“ஐயோ, மடிப்பெல்லாம் போச்சுண்ணே!”

“திரும்பத் தேய்டா. சட்டை கசங்கினா தேய்ச்சுக்கலாம். அந்த மருந்து பாழானதை எந்தப் பெட்டி வச்சுத் தேய்ப்ப?”