இரண்டு முட்டை, இரண்டு மைல்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, ஒட்டுக்கேட்டது. 1983 ஆவணியில், பசுமலையில் பள்ளிக்கூடம் முடிந்து கோரிப்பாளையம் போகும் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் முட்டையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்றாள் ஒருத்தி. இரண்டு என்றாள் மற்றவள்.

"எனக்கு ஒரு பக்கம் இல்ல. உனக்கும் ஒரு பக்கம் இல்ல. ரெண்டு பேரையும் சேத்தாத்தான் ஒரு முழு ஆளு. அந்த ஆளுக்கு நாலு முட்டை வேண்டாமா?"

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். விஷயம் எனக்குப் புரிய ஒரு ஸ்டாப் ஆயிற்று. புரிந்ததும், என் ஸ்டாப்பை விட்டுவிட்டு அவர்கள் இறங்கிய இடத்தில் இறங்கிப் பேச்சுக் கொடுத்தேன். [பிறர் பேச்சை ஒட்டுக்கேட்கக் கூடாது என்று ஆறாம் வகுப்புக்குச் சொல்லித்தருகிறவள் நான்தான்.]

2

முதல் தொடக்கம்: "மாலை வெயில் மங்கிக்கொண்டிருந்தது. சீனியம்மாளின் கண்களில் நீர்—"

இல்லை. படித்துக் காட்டியபோது சீனியம்மாளே நிறுத்திவிட்டாள். "ஆபரேசன் அன்னைக்கு நான் அழுகல டீச்சர். களையெடுக்க எப்பப் போகலாம்னுதான் கேட்டேன்."

இரண்டாவது தொடக்கம்: "மார்பகப் புற்றுநோய் என்பது—"

இது கட்டுரை. நானே படிக்கமாட்டேன். ஆகவே நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

3

பஸ்ஸில் ஒரு முட்டை போதும் என்றவள்தான் சீனியம்மாள். நாற்பத்திரண்டு வயது. திருவாதவூரில் ஒன்றரை ஏக்கர் வயல், புருஷன் காசிமாயன், கட்டிக்கொடுத்த ஒரு மகள். மதுரையில் அவளுக்கு இடது மார்பை எடுத்து, ஐந்து வாரம் கரண்டு வைத்து (ரேடியேஷனுக்கு வார்டில் அதுதான் பெயர்) வீட்டுக்கு அனுப்பினார்கள். "நல்லா சாப்பிடுங்க, கைக்கு வேலை குடுங்க" என்று டாக்டர் சொன்னதைக் கேட்க ஏழு சொந்தக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஊர் போய்ச் சேர்வதற்குள் அது "ஒண்ணும் சாப்பிடக் கூடாது, கையை அசைக்கக் கூடாது" என்று ஆகிவிட்டிருந்தது.

முட்டை சீழ் வைக்கும். கருவாடு அரிக்கும். கத்தரிக்காய் ஆகவே ஆகாது. மிஞ்சியது கஞ்சியும் துவையலும். காசிமாயன் விளக்குமாற்றை அவள் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தான். தண்ணீர் எடுத்தான், சோறு வடித்தான், சாணி அள்ளினான். அவள் கட்டிலில் கிடந்தாள். நான்கு மாதத்தில் இடது கை இறுகிப்போனது. ஜாக்கெட் போட, தலை முடிய, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டியிருந்தது.

செக்கப்புக்குப் போன அன்று, ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "எந்தப் பக்கம்?"

அவள் அஜ்மல் பீவி. கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்னால் வீடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே ஆபரேஷன் ஆனவள்.

"இடது."

"கையைத் தூக்கு பாப்போம்."

தோளுக்குக் கீழேயே கை நின்றுவிட்டது.

"இம்புட்டுத்தானா? எந்திரி. இந்தச் செவுத்துல விரலை எறும்பு மாதிரி ஏத்து. வலிக்கிற எடத்துல நிறுத்தி, கரியால ஒரு கோடு போடு. நாளைக்கு அந்தக் கோட்டை நூலளவு தாண்டு. எனக்கு ஒரு நர்சம்மா சொல்லிக்குடுத்தது. அந்தக் கையில ஊசி போட விடாத, குடம் தூக்காத. மத்தபடி அது கைதான், கண்ணாடி இல்ல."

"வீட்டுல விட மாட்டாகக்கா."

"வீட்டுக்கா ஆபரேசன் ஆச்சு?"

கீரை, பருப்பு, தினம் இரண்டு முட்டை*, இரண்டு மைல் நடை. இதைச் சொல்லித்தான் பீவி அவளை அனுப்பினாள்.

(* முட்டைக் கணக்கு பீவியுடையது. எந்த டாக்டரும் அதற்குக் கையெழுத்துப் போட்டதில்லை.)

4

காசிமாயனை முதலில் வில்லனாக எழுதினேன். வசதியாக இருந்தது. ஆனால் எந்த வில்லன் நான்கு மாதம் பெண்டாட்டிக்குத் தலை பின்னிவிடுவான்? இவன் பின்னினான், கோணலாக. வில்லனை அடித்துவிட்டேன்.

ஒரு விடியற்காலை அவன் கண் விழித்தபோது கட்டில் காலி. வாசல் கதவு திறந்து கிடந்தது. கண்மாய்ப் பக்கம் போனதாகப் பால்காரன் சொன்னான். கண்மாய் அந்த மாசம் நிறைந்து கிடந்தது. காசிமாயன் வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்கவில்லை.

சீனியம்மாள் கரைமேல் இரண்டு கையையும் வீசி நடந்துகொண்டிருந்தாள். பின்னால் மூச்சிரைப்பு கேட்டுத் திரும்பினாள். அவன் பொத்தென்று உட்கார்ந்தான். அவன் பார்வை தண்ணீருக்கும் அவளுக்குமாகப் போய்வந்ததைக் கண்டதும் அவளுக்கு விளங்கியது.

"சாக வந்தேன்னு நெனச்சீகளா?"

ஆமென்று தலையை ஆட்டினான்.

"நடக்கச் சொன்னாக. சொன்னா விட மாட்டீகன்னு சொல்லாம வந்தேன்."

"உனக்கு ஏதும் ஆயிருமோன்னு பயந்துதான் ஒண்ணுஞ் செய்ய விடல."

"கட்டில்ல கெடந்தாலும் பயமாத்தான் இருக்கு. நடந்தா அம்புட்டுத் தெரியல."

[இங்கே ஒரு சூரிய உதயம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.]

மறுநாள் அவனும் வந்தான், பத்தடி பின்னால். "ஒண்ணு முன்னால போங்க, இல்ல கூட வாங்க. பின்னால வந்தா என்னைய மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போற மாதிரி இருக்கு," என்றாள். கூட வந்தான். அந்த வாரமே முட்டை வாங்கி வந்தான். கேட்ட சொந்தக்காரர்களிடம், "சீழ் வச்சா நான் பாத்துக்கிறேன்" என்றான். ஐந்து மாதத்தில் சுவரின் கரிக்கோடு அவள் தலைக்கு மேலே ஏறியது. கூந்தலை அவளே முடிந்துகொண்ட அன்று காசிமாயன் கொஞ்சம் ஏமாந்துதான் போனான்.

5

இங்கேயே முடித்திருக்கலாம். பத்திரிகைக்காரர்களுக்கும் பிடித்திருக்கும்.

ஆனால் போன வாரம் பீவியின் அக்குளில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வேர்க்கடலை அளவு. அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் செவ்வாய்க்கிழமை.

கேள்விப்பட்டதும் சீனியம்மாள் இரண்டு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு கோரிப்பாளையம் வந்துவிட்டாள். பீவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்றாள் மருமகள் ஜெயினம்பு.

"நாலு வருசமா தின்னேன், நடந்தேன்," என்றாள் பீவி, திரும்பாமலே. "என்னத்தக் கண்டேன்?"

[இதற்குச் சீனியம்மாள் சொல்வதாக நான் மூன்று பதில் எழுதிப் பார்த்தேன். மூன்றும் பிரசங்கம்.] சீனியம்மாள் பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முதுகில் கை வைத்துச் சொன்னாள்:

"என்னையக் கண்டீக."

கொஞ்ச நேரத்தில் பீவி எழுந்து முகம் கழுவப் போனாள்.

6

முடிவு அ: டாக்டர், "வெறும் கொழுப்புக் கட்டிம்மா, போயிட்டு வாங்க" என்கிறார்.

முடிவு ஆ: டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். துடைத்துக்கொண்டே—

ஆ-வை முடிக்க எனக்குக் கை வரவில்லை. அ-வை எழுத மனசு கூசுகிறது. அந்தப் பெஞ்சில் காத்திருக்கும் எல்லோருக்கும் அ கிடைப்பதில்லை.

இதை எழுதும் இன்று திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்கு வைகை மணலில் மூன்று பேர் நடந்தோம். முன்னால் போனது பீவி. அரை மைலில் மூச்சு வாங்கியது நான் ஒருத்திதான். கரை ஏறும்போது பீவி நின்றாள்.

"நாளைக்கும் இருப்பியாடி?"

"நீங்க போகச் சொன்னாலும் இருப்பேன்," என்றாள் சீனியம்மாள்.

இதுவரைதான் எனக்குத் தெரியும். நாளைக்கு டாக்டர் அறைக்குள் அவர்கள் இரண்டு பேரைத்தான் விடுவார்கள்; நான் வெளியே நிற்பேன். படிக்கிற நீங்கள் உள்ளே போங்கள்.