நழுவும் சுருள்

சகலை பேச்சை மாற்றியது மருத்துவமனை லிஃப்டில்தான்.

அதற்குச் சற்று முன்புவரை எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. மருத்துவர் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, பென்சில் முனையால் தொட்டுக் காட்டினார். சர்வேயரின் மனைவிக்கு மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று, கிளை பிரியும் இடத்தில் புடைத்திருந்தது. விடாத தலைச்சுற்றலுக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாக அகப்பட்டது. சர்வேயருக்கு மருத்துவம் தெரியாது. விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுப்பது அவர் வேலை. டயரின் பக்கவாட்டில் கொப்புளம் மாதிரி கிளம்புமே, அதுதான் இது என்று புரிந்துகொண்டார். அப்படிப்பட்ட டயரில் ஓட்டாதீர்கள் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார்.

"பயப்படாதீங்க," என்றார் மருத்துவர். "உள்ளேயிருந்தே அடைச்சிடலாம். தொடையில சின்னத் துளை போட்டு, குழாய் வழியாவே மெல்லிசான பிளாட்டினக் கம்பியை அந்தப் புடைப்புக்குள்ள கொண்டுபோய்ச் சுருட்டி வச்சிடுவோம். தள்ளிக்கிட்டுப் போன கம்பியை மட்டும் கழட்டிட்டு வெளியே வந்துடுவோம். இதை நான் உங்களுக்குச் சொல்றதே வேடிக்கை. கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தர் உங்க பக்கத்துலயே நிக்கிறார்."

பக்கத்தில் நின்றவர் சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவர். சுருளைத் தனியே கழற்றிவிடும் உத்தி அவருடையது. ரத்தத்தில் இருக்கும் உப்பையே துணைக்கு வைத்துக்கொண்டு, சின்ன பேட்டரி மின்சாரத்தால் இணைப்பைக் கரைத்துவிடுவார். குடும்பத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் சர்வேயர்தான் இதைப் பெருமையாக விளக்குவார், பாதி தப்பாக.

லிஃப்டில் இறங்கும்போது கேட்டார். "அப்போ எப்ப வச்சிக்கலாம், சகலை?"

"இந்த லிஃப்ட்ல காத்தே வரல பாருங்க அண்ணே," என்றார் சகலை.

"அதைக் கேக்கல."

"வைக்கலாம். கொஞ்சம் பொறுக்கலாம்."

சர்வேயர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தானே போய்ச் சுவரில் மோதிவிட்டு, யாரோ இடித்ததாகச் சொல்லும் ஆள் முதலில் சாலையைப் பற்றிப் பேசுவான், மழையைப் பற்றிப் பேசுவான். அவனைப் பேசவிட்டுவிட்டு வண்டியைச் சுற்றி வரவேண்டும். உண்மை எப்படியும் தகரத்தில் இருக்கும்.

அவர் சுற்றி வர ஆரம்பித்தார்.

இரண்டு வாரமாகியும் தேதி வராததால், முதலில் மருத்துவமனைக்குப் போன் செய்தார். தேதி கொடுக்கும் பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தேதி இப்போதைக்கு வேணாம்னு உங்க வீட்டுலயிருந்துதானே சொன்னாங்க?" என்றாள்.

"வீட்டுலயிருந்தா? யாரு?"

"அது தெரியாது சார். டாக்டரும் சரின்னுட்டார்."

அடுத்து மச்சினிக்குப் போன் செய்தார். பக்கத்து வீட்டுக்காரி எதற்குத் தும்மினாள் என்பதுவரை விவரமாகச் சொல்லக்கூடியவள் மச்சினி. அவள் அன்றைக்கு, "அவர் வேலை விஷயம் எனக்கென்ன தெரியும் அத்தான்? அடுப்புல பால் வச்சிருக்கேன்," என்று வைத்துவிட்டாள். பால் பொங்கும் சத்தம் எதுவும் அவர் காதில் விழவில்லை.

பீரோவைத் திறந்து பார்த்தார். படங்கள் இருந்த பெரிய உறை மெலிந்து கிடந்தது. ரத்தக்குழாயைத் தனியாக எடுத்த படங்களைக் காணோம்.

"இதுல இருந்த படமெல்லாம் எங்க?"

"இங்கதான் எங்கயாவது இருக்கும்," என்றாள் மனைவி. கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி பொருத்துவது அவள் வேலை. ஒரு சின்னத் திருகாணி கீழே விழுந்தால்கூட மண்டிபோட்டுத் தேடி எடுப்பவள். அவள் 'எங்கயாவது' என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை.

பிறகு அந்தப் பால்கனி. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது அவளுக்குத் தெரியவில்லை. துணி உலர்த்தியபடி போனைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"மறுபடியும் நழுவிடுச்சா? ... சரி விடுங்க தம்பி. நீங்க மனசை விடாதீங்க. அவருக்குத் தெரிய வேணாம், அவ்வளவுதான்."

திரும்பினாள். அவரைப் பார்த்ததும் ஒரு தலையணை உறையை எடுத்து உதறினாள். அதில் தண்ணீரே இல்லை. அது ஏற்கனவே காய்ந்துவிட்டது. ஆனாலும் உதறிக்கொண்டே இருந்தாள்.

"யாரு?"

"தங்கச்சி."

"தங்கச்சியை எப்போலேருந்து தம்பின்னு கூப்பிடறே?"

"சிஐடி வேலையை வண்டிங்களோட வச்சிக்கோங்க," என்று சிரித்தாள். சிரிப்பு கண்வரை ஏறவில்லை.

அன்றிரவே அவர் மனதுக்குள் அறிக்கை தயாராகிவிட்டது. சுருளில் கோளாறு இருக்கிறது. எங்கோ, யாருக்கோ வைத்தது நழுவிவிட்டது. சகலையின் கம்பெனி அமுக்கப் பார்க்கிறது. ஊரார் தலைக்குள் வைக்கலாம், சொந்த மனைவியின் அக்காவுக்கு வைக்க மட்டும் கை நடுங்குகிறது. அதை நேராகச் சொல்ல மானம் விடவில்லை. அவளிடமும் எதையோ சொல்லிக் கைக்குள் போட்டுக்கொண்டு நாளைக் கடத்துகிறான். 'கடவுளே, இவனை நம்பியா இத்தனை நாள் பெருமை பேசினேன்' என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் நெஞ்சு கசந்தது. அந்தச் சகலைதான், ஒருமுறை அவர் காய்ச்சலில் கிடந்தபோது அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து துணியை நனைத்து நெற்றியில் போட்டவர். ஆனால் சந்தேகம் வந்தவனுக்கு ஈரத்துணி ஞாபகத்தில் நிற்பதில்லை.

மறுநாள் மதியம் சொல்லாமல் கொள்ளாமல் சகலையின் கம்பெனிக்குப் போனார்.

ஒரு அச்சகத்துக்கு மேலே இரண்டு அறைகள்தான் கம்பெனி. வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி, தலைக்கு நீலத் தொப்பி கொடுத்தார்கள். உள்ளே ஒரு பெண் உருப்பெருக்கிக் கண்ணாடியில் குனிந்து, முடியைவிட மெல்லிய கம்பியை ஊசியின் மேல் சுற்றிக்கொண்டிருந்தாள். பார்க்க ஒன்றுமே சுற்றாததுபோல் இருந்தது.

"ஸ்பிரிங் சாரைப் பார்க்கணுமா? இப்பதான் வெளிய போனார், வந்துடுவார். நீங்க?" சுருள் செய்யும் சகலைக்கு அங்கே அதுதான் பெயர்.

"அவர் சகலை."

அவள் முகம் மலர்ந்தது. "அட, அக்கா வீட்டுக்காரரா! உக்காருங்க. அக்கா எப்படி இருக்காங்க? தினம் அவங்க முகத்துலதான் விழிக்கிறோம். முகம்னா முகம் இல்ல, அதோ."

அவள் காட்டிய பக்கம் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள், ரத்த நிறச் சாயம் கலந்த வெதுவெதுப்பான உப்புநீர் ஓடும் ஒளி ஊடுருவும் ரப்பர்க் குழாய். கிளை பிரியும் இடத்தில் ஒரு புடைப்பு. மேஜைக்கடியில் பம்ப் ஒன்று டக், டக் என்று அடிக்க, ஒவ்வொரு அடிக்கும் புடைப்பு லேசாக விரிந்து சுருங்கிற்று.

"இது..."

"அக்காவோடதுதான். படத்தைப் பார்த்து சார் மெழுகுல செதுக்கி, மேல சிலிகோன் பூசி, உள்ள இருந்த மெழுகை உருக்கி வடிச்சார். அச்சு அசல்."

சர்வேயர் உட்காரவில்லை. கூடவே வாழ்பவளின் தலைக்குள் இருப்பது ஒரு மேஜைமேல் துடித்துக்கொண்டிருந்தது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், தொட்டுவிடப் பயந்தவர்போல்.

சகலை கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவரைப் பார்த்ததும் நின்றார்.

"அண்ணே."

"எத்தனை பேருக்கு நழுவிடுச்சு?"

"என்னது?"

"மறைக்காதே. போன்ல கேட்டேன். நீ செஞ்சது யார் தலைக்குள்ள நழுவிச்சு? யார் செத்தாங்க?"

சுருள் சுற்றிக்கொண்டிருந்த பெண் எழுந்து, சத்தமில்லாமல் அடுத்த அறைக்குப் போனாள்.

சகலை தொட்டியருகே போனார். ஒரு நீளமான கம்பியை எடுத்தார். குழாய்க்குள் விட்டு மெல்லத் தள்ளினார். முனையில் இருந்த சுருள் புடைப்புக்குள் போய், வளைந்து வளைந்து நூல்கண்டுபோல் உட்கார்ந்தது. ஒரு பெட்டியின் பொத்தானை அழுத்தினார். இருவரும் காத்திருந்தார்கள். பெட்டியில் விளக்கு அணைந்ததும் கம்பியை இழுத்தார். கம்பி வந்துவிட்டது, சுருள் உள்ளே நின்றது.

"நல்லாத்தானே நிக்குது?" என்றார் சர்வேயர்.

"பாருங்க."

டக், டக். சுருளின் ஒரு வளையம் புடைப்பின் வாய்க்கு வந்து எட்டிப் பார்த்தது. பம்ப் அடிக்க அடிக்க இன்னும் கொஞ்சம் வந்தது. கடைசியில் மொத்தச் சுருளும் சரிந்து, பெரிய குழாயின் ஓட்டத்தில் அடித்துக்கொண்டு போயிற்று.

"யாரும் சாகல அண்ணே. வாய் குறுகலா இருக்கிற புடைப்புல இது கல்லு மாதிரி உக்காருது. அக்காவுக்கு வாய் அகலம். டாக்டர் அன்னிக்கு ஒரு கோணத்துலதான் பார்த்தார். எனக்குப் படத்தைப் பார்த்ததுமே உறுத்துச்சு. செஞ்சு காட்டினேன். அவரும் ஒத்துக்கிட்டார்."

சர்வேயர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"இதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"அக்காதான் வேணாம்னாங்க. 'அவர் வண்டி பார்க்கப் போற இடத்துலயெல்லாம் இதையே நினைச்சிக்கிட்டு எங்கயாவது முட்டிப்பார்'னாங்க. இப்போ சுருளையே வேற வடிவத்துல செய்யறேன். உள்ள போனதும் கூடை மாதிரி விரியணும், வாயைத் தாண்டி வரக்கூடாது. சில நாள் நிக்குது. சில நாள் நழுவிடுது."

கோபப்பட இனி ஒன்றுமில்லை. ஆனாலும் சர்வேயரின் மனம் இன்னும் வண்டியைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எங்கோ ஒரு நசுங்கல் பாக்கி.

"தம்பி," என்றார். குரல் தணிந்திருந்தது. "இது இல்லாம வேற வழி எதுவும் இன்னிக்கே இல்லையா?"

சகலை தொட்டியையே பார்த்தார். "இருக்கு."

"என்ன?"

"மண்டை ஓட்டைத் திறந்து, வெளிப்பக்கமா புடைப்பு கழுத்துல கிளிப் போடறது. ரொம்ப நாளா செய்யறதுதான்."

"அது நழுவுமா?"

"நழுவாது. பெரிய ஆபரேஷன். ஆபத்து இருக்கு. ஆனா அக்கா வயசுக்குத் தாங்குவாங்கன்னு டாக்டர் சொன்னார்."

"அப்போ நாம எதுக்குக் காத்திருக்கோம்?"

பம்ப் அடித்துக்கொண்டே இருந்தது. சகலை குனிந்து அதன் சுவிட்சை அணைத்தார். புடைப்பு துடிப்பதை நிறுத்தியது.

"என் கையால ஆகணும்னு இருந்தேன் அண்ணே. என் கல்யாணத்துக்கு எங்க வீட்டுல யாரும் வரல. எனக்குத் தாய் மாதிரி நின்னது அக்கா. அவங்க தலையைத் திறக்க விடாம நானே சரி பண்ணிடணும்னு... நாளைக்கு நின்னுடும், நாளைக்கு நின்னுடும்னு..." சகலை தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சர்வேயர் தேடி வந்த குற்றம் கிடைத்துவிட்டது. அவர் கற்பனை செய்துவைத்திருந்ததோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சின்னது, எவ்வளவு அன்பானது! ஆனாலும் அந்த அன்பு ஒவ்வொரு நாளும் அவளை வெடிக்கக் காத்திருக்கும் டயரில் ஓடவிட்டிருக்கிறது. தங்கமான மனசு என்பதாலேயே காரியமும் தங்கமாகிவிடுவதில்லை. இதைச் சத்தம்போட்டுச் சொல்லியிருக்கலாம். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது அதற்கான வார்த்தைகளை எல்லாம் கோத்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"ம்."

"பொய். மேஜைமேல டப்பா திறக்காம இருக்கு. சாப்பிடு. சாயங்காலம் வீட்டுக்கு வா. அவகிட்ட நாம ரெண்டு பேருமா சொல்லலாம்."

சாயங்காலம் நால்வரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சகலை தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். மச்சினி புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

மனைவி கேட்டு முடித்துவிட்டு, "எனக்குத் தெரியும் தம்பி," என்றாள்.

"தெரியுமா?" என்று மூவரும் நிமிர்ந்தார்கள்.

"கிளிப் போடலாம்னு டாக்டர் என்கிட்டயும் சொன்னாரே. நீங்க சோறு தண்ணி இல்லாம அதையே கட்டிக்கிட்டுக் கிடக்கிறப்போ, 'வேணாம், நான் திறந்துக்கறேன்'னு சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க நல்லா இருக்கணும்னு நான் பொறுத்தேன். நான் நல்லா இருக்கணும்னு நீங்க பொறுத்தீங்க. இவர் நல்லாத் தூங்கணும்னு ரெண்டு பேருமா மறைச்சோம்." அவள் கணவரைப் பார்த்தாள். "அப்படியும் தூங்கல மனுஷன். பீரோவைக் குடைஞ்சிக்கிட்டிருந்தார்."

மச்சினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"கிளிப்பே போட்டுக்கறேன். நாளைக்கே தேதி கேளுங்க," என்றாள் மனைவி. "ஆனா தம்பி, என் குழாயை நீங்க கழுவி வச்சிடக்கூடாது. எனக்கு வாய் அகலம்னு உங்க அண்ணனுக்குக் கல்யாணமான அன்னிக்கே தெரியும். என்னை மாதிரி இன்னும் எத்தனையோ பேர் வருவாங்க. அவங்களுக்காவது தலையைத் திறக்காம செய்யணும். நழுவாம நிக்கிற வரைக்கும் விடாதீங்க."

அறுவைச் சிகிச்சை அன்று காத்திருக்கும் கூடத்தில் சகலை ஒரு ஓரமாக, நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைத் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. சர்வேயர் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். சர்வேயர் மனதுக்குள் தனக்குத் தெரிந்த ஒரே பிரார்த்தனையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் வார்த்தை மறந்துபோகும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

மருத்துவர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். "கிளிப் அருமையா உக்காந்துடுச்சு. கையும் காலும் நல்லா அசைக்கிறாங்க." பிறகு சகலையைப் பார்த்து, "வாய் நாம நினைச்சதைவிட இன்னும் அகலம் சார். இன்னிக்கு இருக்கிற சுருள் நின்னிருக்காது," என்றார்.

சகலை தலையசைத்தார். அது தோற்றவனின் தலையசைப்பாகவும் இருந்தது, தப்பித்தவனின் தலையசைப்பாகவும் இருந்தது.

சற்றுக் கழித்து நர்ஸ் கதவைத் திறந்தாள். "கண் முழிச்சிட்டாங்க. ஒருத்தர் மட்டும் வந்து பார்க்கலாம். வீட்டுக்காரர் யாரு?"

சர்வேயர் எழுந்தார். எழுந்தவர், சகலையின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"இவர் போகட்டும்மா. நான் அப்புறமா வரேன்."

"அண்ணே, நீங்க..."

"போ தம்பி. உன்னைத்தான் முதல்ல தேடுவா."

கதவு மூடிக்கொண்டது. அதில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம் இருந்தது. அதன் வழியே பார்த்தால் கட்டிலும், கட்டுப்போட்ட தலையும், அதை நோக்கிக் குனியும் ஒரு முதுகும் தெரிந்திருக்கும். இருவரும் தணிந்த குரலில் ஏதோ பேசுவது வெளியே லேசாகக் கேட்டது. சர்வேயர் கதவருகே போகவில்லை. நாற்காலிக்குத் திரும்பி வந்து கண்ணை மூடிக்கொண்டார். பல நாட்களுக்குப் பிறகு, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.