மெல்ச்சோரின் மான்கொம்பு

மெல்ச்சோர் கிழவர் எங்கள் நாய்க்கடி ஆஸ்பத்திரிக்குப் பின்வாசல் வழியாக வந்தார். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார். கள்ளக்காதலி வீட்டுக்குப் போகிறவன்கூட அப்படிப் பம்மமாட்டான். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பதினோரு வருஷமாக நான் இங்கே நர்ஸ். பதினோரு வருஷமாக இந்த மனிதர் என் நோயாளிகளைப் பாதி வழியில் பிடித்து, நாய் கடித்த இடத்தில் மான்கொம்புத் துண்டை வைத்துப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கொம்பு ஒட்டிக்கொண்டால் விஷம், அது உறிஞ்சி முடிக்கும்வரை விடாது. விழுந்துவிட்டால் விஷமில்லை, போய்ச் சாப்பிடு. மணிலாவில் படித்துவிட்டு வந்த எங்கள் டாக்டரைவிட அந்தக் கொம்புக்குத்தான் ஊரில் மரியாதை.

"என்ன பெருசு, இன்னைக்குக் கொம்புக்கு லீவா?" என்றேன்.

"மெதுவாப் பேசு தாயி. வெளிய ஆளுங்க இருக்காங்க." வலதுகை ஆள்காட்டி விரலை நீட்டினார். கீறல் வீங்கியிருந்தது.

"நாய் கடிச்சுதா?"

"கடிக்கல. தலையச் சுத்தம் பண்றப்ப பல்லு கிழிச்சிருச்சு."

நோயாளிப் படிவத்தை எடுத்தேன். நாய் இப்போது எங்கே என்பது அதில் மூன்றாவது கேள்வி. கடித்த நாயைக் கட்டிவைத்துப் பதினாலு நாள் கவனிக்க வேண்டும். எங்கள் ஊர் ஆண்கள் அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம்.

"தின்னாச்சு," என்றார்.

"முழுசாவா?"

"வால விட்டுட்டோம்."

ஆறு பேர், தென்னஞ்சாராயத்துக்குத் தொட்டுக்கொள்ள. ரூபென் வீட்டு நாயாம்.

"வளத்த நாய எதுக்குய்யா அடிச்சீங்க?"

கிழவர் சுவரைப் பார்த்தார். என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

"யாரக் கடிச்சுது?"

"ரூபென் பொண்ணு லிகாயாவ. கன்னத்துல. போன வெள்ளிக்கிழம."

ஐந்து நாள். ஆறு வயசுக் குழந்தை. கன்னத்துக்கும் மூளைக்கும் எவ்வளவு தூரம்? வெறிநோய் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் டாக்டரும் ஒன்றுதான், பாதிரியாரும் ஒன்றுதான்.

"கொம்பு வச்சீங்களா?"

"வச்சேன். விழுந்துருச்சு."

"அழுது தலைய ஆட்டுற புள்ள கன்னத்துல எதுதான்யா நிக்கும்? அவளக் கடிச்சா விஷமில்ல, அதே பல்லு உன் விரல்ல பட்டா மட்டும் விஷமா?"

காயத்துக்குள்ளேயே மருந்தை ஊசியால் ஏற்ற வேண்டும், விரலில் அது உயிர் போகிற வலி. மெதுவாகப் போடலாம். நான் அப்படிப் போடவில்லை.

கையோடு அவரை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ரூபென் வீட்டுக்குப் போனேன். அவன் வாசலில் உட்கார்ந்து சண்டைச் சேவலுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். லிகாயா கன்னத்தில் நசுக்கிய பூண்டை அப்பிக்கொண்டு ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"பெரியவர்தான் பாத்துட்டாரே சிஸ்டர். ஒண்ணுமில்லன்னுட்டாரு. சின்னப் புள்ள மூஞ்சில ஊசி குத்த வந்துட்டீங்களா?"

கத்தினேன். பயமுறுத்தினேன். வெட்கத்தை விட்டுக் கெஞ்சவும் செய்தேன். அவன் சேவலின் அடுத்த காலைப் பிடித்துவிடத் தொடங்கினான். மனைவி நெனிதா கதவோரம் நின்றாள்.

மெல்ச்சோர் கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக் காட்டினார். "நான் ஊசி போட்டுக்கிட்டேன்டா."

ரூபென் சிரித்தான். "நீங்களா?"

"டெலியா மவனுக்கும் கொம்பு விழுந்துச்சு ரூபென்."

டெலியாவின் மகனை இரண்டு வருஷத்துக்கு முன் கட்டிலோடு கட்டிப்போட்டுத்தான் சாகக் கொடுத்தார்கள். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று ஊரே சொன்னது. முதலில் சொன்னவர் மெல்ச்சோர்.

"அது நாய்க்கடிதான்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?" நெனிதா கேட்டாள்.

"தெரியும்."

அவள் அவரைத் திட்டக்கூட இல்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பில்லாமல் ஓடிவந்து வண்டியில் ஏறினாள்.

பூண்டை வழித்துப் போட்டு, சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவினேன். ஊசியைக் கன்னத்துக்குக் கொண்டுபோனதும் லிகாயா என் மணிக்கட்டைக் கடித்தாள். நல்ல பல். அவளை நாலு பேர் பிடித்துக்கொண்டோம். அதற்குள் விருந்து சாப்பிட்ட மற்ற வீரர்களும் வந்து சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ரூபென் தன் முறை வந்ததும் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தான். எழுந்ததும் கேட்டது ஒன்றுதான்.

"பொழச்சுக்குவாளா சிஸ்டர்?"

"தெரியல. அஞ்சு நாள் லேட்டு."

ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அவன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். மெல்ச்சோர் அன்று சாயங்காலம் டெலியா வீட்டு வாசலில் நின்றாராம். அவள் கதவைத் திறக்கவில்லை. நானாக இருந்தாலும் திறந்திருக்கமாட்டேன்.

இருபத்தெட்டாம் நாள் கடைசி ஊசி. லிகாயா அம்மாவுக்கு முன்னால் ஓடிவந்தாள். இந்த நோய் உள்ளே ஏறிவிட்டால் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொள்ளும். அதனால் ஊசியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினேன். நெனிதாவுக்கு அது எதற்கென்று தெரியும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

லிகாயா டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். மடமடவென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "ஐஸ் போட்டு இன்னொண்ணு குடுங்க," என்றாள்.