ஏழாவது கேள்வி

...ஆமாம் என்று டிக் அடித்தால் மாத்திரையை மாற்றிவிடுவார்கள், இல்லை என்று அடித்தால் திங்கட்கிழமை மில் கையைவிட்டுப் போகும், ரெண்டுக்கும் நடுவில் இன்னொரு கட்டம் போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா, ஏழாவது கேள்வி, நோயாளியின் செலவுப் பழக்கத்தில் சமீபத்தில் மாற்றம் உண்டா, கன்னடத்தில் எவ்வளவு சாதுவாக அச்சடித்திருக்கிறார்கள், ஏதோ ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறதா என்று கேட்கிற மாதிரி. போன தடவையே டாக்டர் சொன்னார், இந்த மாத்திரை கை நடுக்கத்தை நிறுத்தும், ஆனால் மூளைக்குள்ளே ஆசைக்கு ஒரு பிரேக் இருக்கிறதம்மா, சில பேருக்கு அதையும் கழற்றிவிடும், அப்படி ஏதாவது தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள் என்று. பக்கத்து நாற்காலியில் அவர், என் வீட்டுக்காரர் லிங்கப்பன், மூன்று வருஷம் ஆடிய கைகள் மடியில் அசையாமல் கிடக்கின்றன, என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் இந்தச் சிரிப்பை நான் பார்ப்பது இந்த எட்டு மாதமாகத்தான்.

மாத்திரைக்கு முன்னே இருந்தவர் சிரிக்க மாட்டார். மார்டள்ளி கிராமத்திலிருந்து மைசூருக்கு வந்து, மாவு மில் வைத்து, ராகியும் மிளகாயும் அரைத்து அரைத்தே ஒரு மகளைக் கட்டிக் கொடுத்தோம், அது அவருடைய கெட்டிக்காரத்தனம்தான், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும், ஆனால் ஒரு ஃபிரிட்ஜ் கேட்டதற்குப் பூ கேட்டுப் பார்க்கலாம் என்றார். எங்கள் ஊர் வழக்கம் அது, வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு யாரையாவது எடுக்கச் சொன்னால், வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு வந்தது. அடுத்த வருஷமும் சிவப்பு. ஐந்தாவது வருஷம் அவர் அந்தப் பக்கம் போனதும் எடுக்காமல் கிடந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன், அதிலும் சிவப்பு அரளி... அட மனுஷா, சாமியையே ஏமாற்றினாயா என்று வயிறு எரிந்தது, அப்புறம் யோசித்தால், ஏமாற்றவில்லையோ என்னவோ, வேண்டாம் என்று உள்ளே எப்போதோ முடிவாகிவிட்டது, பூ சும்மா அதைச் சொல்லிவிட்டுப் போக வந்தது... இன்று காலை நானும் போட்டேன், டாக்டரிடம் சொல்லட்டுமா என்று. வெள்ளை வந்தது. நம் கேள்விக்கு நாமே பொட்டலம் எடுத்தால் அது சாமி வாக்கில் சேராது என்று கலைத்துவிட்டேன்.

இப்போது இருப்பவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகை முழம் அறுபது என்றால், கொடு நாலு முழம் என்கிறார். மைசூர் சில்க் எடுத்தார், எனக்கே எனக்கு, இலைப்பச்சை, கண்ணாடி முன்னால் நிறுத்தி, கண்ணு, நீ இத்தனை அழகுன்னு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சே என்றார், நான் சமையலறைக்குள் போய் அழுதேன், வெட்கத்தை விட்டுச் சொன்னால் சந்தோஷத்தில்தான். அப்புறம் ஒரு மிக்ஸி வந்தது, இன்னொரு மிக்ஸி, ஒரே வாரத்தில் மூன்று குக்கர், பிரிக்காத பெட்டிகளாகக் கட்டிலுக்கடியில். நான் வாயைத் திறக்கவில்லை... எனக்கு வேண்டியதை வாங்கும்வரை கணவர், வேண்டாததை வாங்கினால் நோயாளியா? இப்போது போனில் ஒரே ஒரு வீடியோ பார்த்துவிட்டு, டிராகன் பழத் தோட்டத்தில் பங்கு வாங்குகிறேன் என்று மில்லுக்கு விலை பேசிவிட்டார், கேசவமூர்த்தி என்று ஒரு புரோக்கர், திங்கட்கிழமை பத்திரத்தோடு வருகிறான். மில் போனால் எங்களுக்குச் சோற்றுக்கு வேறு வழி கிடையாது.

பக்கத்து நாற்காலியில் சிரிப்பு நின்றுவிட்டது. இது தினமும் நடப்பதுதான், மாத்திரையின் வேகம் இறங்குகிற நேரம், முதலில் இடது கைச் சுண்டுவிரல், பிறகு உதடு, பிறகு கண் என்னை விட்டு விலகும், யாரோ உள் அறையிலிருந்து நடந்து வந்து ஜன்னலில் நிற்பது போல வந்து நிற்பார், பழையவர். "ஆட்டோவுக்கு எவ்வளவு குடுத்தே?" என்றார். நூற்றிருபது என்றேன். "பஸ்ஸு ஓடலையாக்கும்." அதோடு விடுவார் என்று பார்த்தால், முந்தானையைப் பிடித்து இழுத்து, என் காதருகில் வந்து, "நிர்மலா, அந்தக் காயிதத்துல ஆமான்னு போடு. அவன் மில்லை வித்துப்போடுவான்." யாருங்க, என்றேன். "அவந்தான், உங்கூடச் சிரிச்சுக்கிட்டு இருக்கறானே." "என்னால அவனைத் தடுக்க முடியலை புள்ள. நீ சொன்னாத்தான் ஆகும்." இந்த மனுஷர் பயந்து நான் பார்த்ததே இல்லை, பாவமாக இருந்தது, ஐயோ, பெற்ற பிள்ளைபோல் பாவமாக இருந்தது, ஆமாம் என்று போடத்தான் பேனாவைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

அதற்குள் என் இன்னொரு கை பைக்குள் போயிருந்தது, மாத்திரை அட்டை, தண்ணீர் பாட்டில்... "இன்னும் நேரமாகலை" என்று வாயை இறுக்கிக்கொண்டார், அப்புறம் பழக்கமோ என்னவோ, திறந்தார். கால் மணி நேரத்தில் சுண்டுவிரல் அடங்கியது. "என்ன கண்ணு, மொகம் வாடிக் கெடக்குது? டாக்டரைப் பாத்துட்டு மசால் தோசை தின்னலாமா?" நர்ஸ் பெண் ஸ்வாதி எங்கள் ஊர்ப்பக்கம் ராமாபுரத்துக்காரி, எங்கள் பேச்சிலேயே பேசுவாள், நடுநடுவே கன்னடம் விழும், "ஃபார்ம் ஆய்தாம்மா?" என்று, எழுதி முடிந்ததா எனக் கேட்டு வந்து வாங்கினாள், ஏழாவது கேள்விக்கு எதிரே இல்லை என்ற கட்டத்தில் டிக் இருந்தது, நேராக, அடித்தல் திருத்தல் இல்லாமல். எப்போது போட்டேன்? பேனா என் கையில்தானே இருந்தது...

"மாத்திரை வேளைக்கு ஒண்ணுதானே குடுக்கறீங்க? மிச்சம் எத்தனை இருக்குது, எழுதோணும்" என்றாள். "ஒண்ணேதான்" என்று சொல்லிக்கொண்டே அட்டையை எடுத்தேன். போன வாரம் வாங்கியது, கணக்குப்படி பத்து மிச்சம் இருக்க வேண்டும். மூன்று இருந்தது. பையைத் துழாவினேன், எதுவும் உதிர்ந்து கிடக்கவில்லை. அவராக எடுத்துப் போட்டுக்கொள்ள மாட்டார், அட்டை என் பையை விட்டு வெளியே போவதே இல்லை, வீட்டில் நாங்கள் ரெண்டே பேர்தான்... "எத்தனைங்கம்மா?" என்று ஸ்வாதி மறுபடியும் கேட்டாள். பத்து என்றேன்.