வளையம் விழுந்த இலைகள்

மகள் இலையை நசுக்கிக்கொண்டிருந்தபோது சித்தி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். வண்டி வர இன்னும் நேரம் இருந்தது.

"அம்மாவைக் கிடத்திட்டு, இங்க என்னடி வேலை?"

"நீங்கதானே சித்தி அம்மா ஞாபகமா ஆளுக்கொரு இலை கேட்டீங்க? நோய் இருந்தா உங்க வீட்டுக்கும் தொத்திக்கும்."

ஜன்னலோரப் பலகை முழுக்க அம்மாவின் ஆப்பிரிக்க வயலட் தொட்டிகள். ஓர் இலையைக் கிள்ளி ஊன்றினால் ஒரு செடி வந்துவிடும். ஆனால் இலைகளில் வெளிறிய வளையங்கள். நர்சரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மகளுக்கு நேற்று வந்து பார்த்ததுமே வைரஸோ என்று சந்தேகம். வைரஸ் என்றால் மருந்து கிடையாது. அத்தனையையும் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டியதுதான். அம்மா போன கையோடு அதையும் செய்ய அவளுக்குத் தெம்பில்லை.

சாறு கலங்கிய சின்னப் பைக்குள், கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் டெஸ்ட் பட்டையை நிறுத்தினாள். அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு கோடு வந்தா நோய் இல்லப்பா. ரெண்டு வந்தா இருக்கு."

ஒரு கோடு சிவந்தது. அதோடு சரி. இன்னொரு செடியிலும் பார்த்தாள். அதேதான்.

"நோய் இல்லப்பா!" அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அப்போ இந்த வட்டம்?"

"இலைமேல சில்லுனு தண்ணி பட்டாலும் இப்படி ஆகும். அம்மா படுத்ததுலேர்ந்து யாருப்பா ஊத்தினது?"

"நான்தான். வெயிலுக்கு இதமா இருக்கட்டும்னு ஃப்ரிட்ஜ் தண்ணி. தலையோட குளிப்பாட்டுவேன்."

சில்லென்ற தண்ணீர் என்ன செய்யும் என்று மகளுக்கு முதலில் சொன்னதே அம்மாதான். இலையில் யாராவது விரல் வைத்தால் வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். அவள் இருக்கும் அறையில் அப்படி நடக்காது என்றுதான் மகள் வைரஸைச் சந்தேகித்தாள்.

"அம்மா பாக்கலையா?"

"இந்தக் கட்டில்லதானே கிடந்தா. தினமும் பாத்துக்கிட்டுதான் இருந்தா." அப்பா ஒரு தொட்டியை நேராக வைத்தார். "சரியா ஊத்துறேனான்னு கேட்டேன்ம்மா. நல்லாத்தான் ஊத்துறீங்கன்னா."

மகள் பட்டையைக் கீழே வைத்தாள். கூடத்தில் வண்டி வந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். சித்தி பெருங்குரலெடுத்து அழுதாள்.

அப்பா சமையலறைக்குப் போய்க் குழாயில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துவந்தார். விரலை விட்டுப் பார்த்தார். பிறகு தம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார், கொஞ்சம் சூடு ஏறட்டும் என்று.