தொண்டையில் ஒட்டிய தகடு

அப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவருக்கு மிஞ்சியது வெறும் காற்றுப் பேச்சு. காதருகே வந்து சொன்னால் புரியும். வண்டி இரைச்சலில் மைக்கில் கூட எடுபடாது. திங்கட்கிழமை வந்து பேசிக் காட்டட்டும், முடியாவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

டிப்ளமா படிக்கும் அண்ணன், கழுத்தில் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பித்தளைத் தகடு ஒன்றை வாங்கி வந்தான். தொண்டையின் அதிர்வை அது மின்சாரமாக்குமாம். வெளி இரைச்சல் அதில் ஏறாதாம். ஆனால் அந்த மின்சாரம் ரொம்ப மெலிசு. அதை வாங்கிப் பெருக்கும் டிரான்சிஸ்டர் சர்க்யூட் நிறைய இழுத்தால் தகடு படுத்துவிடும். இழுக்காமல் அடக்கமாக வாங்க, சர்க்யூட்டின் இன்புட் இம்பிடன்ஸ், அதாவது வரும் மின்சாரத்துக்கு அது வாசலில் காட்டும் தடை, பெரிதாக இருக்க வேண்டும்.

அண்ணன் சாப்பாட்டு மேசையிலேயே கணக்குப் போட்டான். டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டர். டிரான்சிஸ்டர் அதை நூறு மடங்காக்கிக் காட்டும். ஆகப் பத்து லட்சம். லட்சம் என்ற சொல் காதில் விழுந்து அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

சர்க்யூட்டைப் பற்றவைத்து, தகட்டைத் தன் கழுத்தில் ஒட்டிப் பேசினான். ஸ்பீக்கரில் கொசு முனகியது. மறுபடி தாளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. டிரான்சிஸ்டரின் இன்னொரு காலான பேஸில் இரண்டு ரெசிஸ்டர்கள் இருந்தன. அவையும் தகட்டிலிருந்துதான் இழுத்தன. அவற்றையும் கணக்கில் சேர்த்ததும் பத்து லட்சம் வெறும் எட்டாயிரமாகச் சுருங்கியது.

“விருந்தாளியை எண்ணினான், கூட வந்த ரெண்டு பேரை எண்ணாம விட்டுட்டான்னு சொல்லு” என்று அப்பா என் காதில் சொன்னார். நான் சொன்னேன். அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் தோள்கள் மட்டும் குலுங்கின.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சர்க்யூட்டை மாற்றினான். எமிட்டரிலிருந்து ஒரு கெப்பாசிட்டரைத் திருப்பிக் கொண்டுவந்து, அந்த ரெசிஸ்டர்களின் இழுப்பை அடக்கினான். எதையும் விடாமல் கூட்டியும் மூன்றரை லட்சத்துக்கு மேல் நின்றது. அவன் பேசியபோது, பக்கத்து வீட்டு அக்கா சன்னலைத் திறந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு தகட்டை அப்பாவுக்கு ஒட்டினோம். வேலையில் உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்து, பயணிகளின் கவனத்துக்கு என்று தொடங்கினார். உதடு அசைந்தது. ஸ்பீக்கரில் அவர் எச்சில் விழுங்கியது பெரிதாகக் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. அண்ணன் சத்தத்தைக் கூட்டினான். விழுங்குவது இன்னும் பெரிதானது.

அதிர்வதற்கு அங்கே குரல் நாண் இல்லை. எனக்கே புரிந்தது. அவனுக்குப் புரியாமல் இருக்குமா? அவன் புதுத் தாள் எடுத்தான்.

“எங்கயோ விட்டிருக்கேன்பா. மறுபடி போட்டுப் பாக்கறேன்.”

அப்பா அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தகட்டைத் தானே மெதுவாகப் பிய்த்து எடுத்தார். என்னைப் பக்கத்தில் இழுத்து, “மேனேஜருக்கு போன் பண்ணிடு. நாளைக்கு வரலைன்னு சொல்லு. அண்ணன் கணக்குப் போடட்டும், தடுக்காத” என்றார்.

வாசலில் நின்று பேசினேன். சரிம்மா, எப்படியும் புது ஆளை நாளைக்குக் காலையிலேயே வரச் சொல்லிட்டோமே என்றார் மேலாளர்.

உள்ளே வந்தேன். அண்ணனின் தாளில் மறுபடியும் அதே மூன்றரை லட்சம். என்ன சொன்னார் என்று அப்பா புருவத்தை உயர்த்தினார்.

“சரின்னாருப்பா.”