ஞாயிற்றுக்கிழமை கணக்கில் வராது

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் என் அண்ணனுடைய பயம். என்னுடைய பயமும்தான். ஆனால் பேனா என் கையில் இருப்பதால் அவனுடையதை முதலில் போடுகிறேன்.

அண்ணன் எங்கள் ஆலயத்தின் பாடகர் குழுவை நடத்துகிறவன். பிழைப்புக்குத் தராசு பழுது பார்க்கிறான். முள் ஒரு மயிரிழை விலகி நின்றாலும் அவனுக்குச் சோறு இறங்காது. அண்ணி வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு, ஊராரின் சட்டைகளைச் சிறிதாக்கியும் பெரிதாக்கியும் கொடுக்கிறவர். குழுவில் அண்ணி முன்வரிசை, நான் பின்வரிசை. அண்ணியின் குரல் ஒரு

[இந்த வாக்கியத்தை நாலு விதமாகத் தொடங்கி நாலையும் அடித்துவிட்டேன். நேராகவே சொல்கிறேன். அண்ணிக்குச் சுருதி சேராது. குரலோ பெரியது. பாட்டு ஒரு தெருவில் போனால் அண்ணி அடுத்த தெருவில் போவார், அதுவும் நடு ரோட்டில், கையை வீசிக்கொண்டு.]

அவர்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடம் ஆகிறது. சுருதி சேராததை இன்றுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

2

ஈஸ்டருக்கு முன், பிடித்த ஏதாவது ஒன்றை விட்டு நோன்பிருக்கும் நாற்பது நாள் தவக்காலம் நெருங்கியபோது அண்ணன் என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தான்.

"இந்த வருஷம் எதை விடலாம்னு உன் அண்ணி யோசிச்சிட்டிருக்கா. நீ போய் மெதுவா எடுத்துக் குடுடா."

"எதை?"

"பாட்டை."

"நீயே சொல்லேன்."

"டேய், நான் அந்த வீட்டுல குடியிருக்கறவன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை கோயில்ல பாட்டு சுருதியோட இருக்கணும். அதைக் கேட்டுட்டா போதும்டா எனக்கு."

3

முதல் வரைவில் இந்த இடத்தில் நான் தியாகத்தைப் பற்றி அண்ணியிடம் ஒரு பக்கம் உருக்கமாகப் பேசுகிறேன். அண்ணியும் உருகுகிறார். அந்தப் பக்கம் இப்போது குப்பைக்கூடையில் இருக்கிறது. நடந்தது வேறு.

அண்ணி யாருடைய பேன்ட்டுக்கோ கீழ்மடிப்பு அடித்துக்கொண்டிருந்தார். வாயில் குண்டூசிகள்.

"தவக்காலத்துக்கு எதை விடப் போறீங்க அண்ணி?"

ஊசிகளைத் துப்பிக் கையில் எடுத்தார். "போன வருஷம் சர்க்கரையை விட்டு உங்க அண்ணன் மேல எரிஞ்சு விழுந்ததுதான் மிச்சம். எழுதறவர் நீங்க, நல்லதா ஒண்ணு சொல்லுங்க தம்பி."

"ரொம்பப் பிடிச்சது எதுவோ, அதை விடணும்னு சொல்வாங்க."

அண்ணி யோசித்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அப்போ பாட்டைத்தான் விடணும்," என்றார். "வேற என்ன இருக்கு எனக்கு?"

'வேண்டாம் அண்ணி, தூக்கத்தை விடுங்க' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.*

* இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கையில்லாத பாத்திரம் நான்தான்.

4

சனிக்கிழமை ஒத்திகைக்கு அண்ணி வரவில்லை. மறுநாள் அண்ணன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தான். கையைத் தூக்கினான்.

முன்வரிசையில், தன் வழக்கமான இடத்தில் வந்து நின்ற அண்ணி வாயைத் திறந்தார். கீபோர்டு வாசிக்கிறவர் பயந்து கையை எடுத்துவிட்டார்.

பூசை முடிந்து வாசலில் அவரைப் பிடித்தேன். "பாட்டை விட்டுட்டேன்னு சொன்னீங்களே அண்ணி?"

"ஞாயித்துக்கிழமை கணக்குல வராது தம்பி! எண்ணிப் பாருங்க, அதையும் சேத்தா நாப்பதைத் தாண்டிடும். ஃபாதர்கிட்டயே கேட்டுட்டேன்."

[வாசகரே, நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். நீங்களும் எண்ணிப் பாருங்கள், காத்திருக்கிறேன். அண்ணி சொல்வது சரிதான்.]

"புதன்கிழமையிலேருந்து நாலு நாள் அடக்கி வெச்சது," என்றார் அண்ணி, முகமெல்லாம் சிரிப்பாக. "எப்படி இருந்துச்சு?"

இந்தத் தவக்காலத்துக்கு நான் விட்டிருந்தது பொய் சொல்வதை. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை.

"பிரமாதம் அண்ணி," என்றேன்.

5

அடுத்த வாரம் அண்ணன் மறுபடி வந்தான். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

"வீடு வீடாவே இல்லடா."

"ஏன், அமைதியா இருக்குமே?"

"அதான் கஷ்டம். காலையில அவ கத்தறது கேட்டாத்தான் எனக்கு எழுந்திரிக்கத் தோணும்போல. இத்தனை வருஷம் அலாரம்தான் எழுப்புதுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

கோயிலில் அண்ணியின் அமைதியும் வீட்டில் அண்ணியின் பாட்டும் வேண்டியவனுக்கு இரண்டும் இடம் மாறிக் கிடைத்திருந்தன. சிரித்தேன். பிறகு பாவமாகவும் இருந்தது.

இங்கே கதையை முடிக்கப் பார்த்தேன். முதல் முடிவில், தன் குரலைப் பற்றி அண்ணிக்கு ஆரம்பம் முதலே தெரியும். அழகான முடிவுதான், ஆனால் பொய். அண்ணிக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இரண்டாவது முடிவில், ஈஸ்டர் காலையில் அண்ணிக்குச் சுருதி தானாகச் சேர்ந்துவிடுகிறது. நான் அற்புதங்களை நம்புகிறவன். ஆனாலும் அண்ணி பாடி நேரில் கேட்டவன்.

6

ஈஸ்டர் பாட்டின் முதல் வரியை ஒருவர் தனியாகப் பாட வேண்டும். கீபோர்டு கிடையாது, துணைக்குரல் கிடையாது. யார் பாடுவது என்று அண்ணன்தான் கையைக் காட்ட வேண்டும்.

"நாப்பது நாளும் முடியுது," என்று அண்ணி அவனிடம் சொல்லியிருக்கிறார். "முதல் வரி எனக்குத்தானே?"

அண்ணன் என்னிடம் ஓடி வந்தான். "கதை எழுதறவன் நீதானே? யாருன்னு நீ எழுதிடு. நான் கையை மட்டும் காட்டறேன்."

எழுத உட்கார்ந்தேன். 'அண்ணன் கையைத் தூக்கி' என்ற இடத்தில் வாக்கியம் மூன்று நாளாக நிற்கிறது. அண்ணன் கையும்தான்.

ஆகவே வாசகரே, உங்களிடம் விடுகிறேன். கோயில் நிறைந்திருக்கிறது. இடது பக்கம் ஒரு கணக்கு டீச்சர், சுருதி பிசகாத குரல். நடுவில் அண்ணி, தானே தைத்த மஞ்சள் ரவிக்கையில், கணக்குப்படி நாற்பது நாள் பாடாத வாயோடு. டீச்சர்தான் வேண்டும் என்றால் அண்ணியிடம் போய்க் காரணம் சொல்ல வேண்டியது நீங்கள். 'அண்ணி, உங்களுக்குச் சுருதி சேராது.' நாலே சொல். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சொல்லிவிட்டீர்கள் என்றால் மீதிக் கதையை அண்ணனிடம் நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

என்ன, வாய் வரவில்லையா?

அப்படியானால் நீங்களும் எங்கள் குழுதான். வாருங்கள், பின்வரிசையில் என் பக்கத்தில் இடம் இருக்கிறது. சீக்கிரம், அண்ணி மூச்சை இழுத்துவிட்டார்.